இங்கிலாந்தின் வழிவிடுதிகளும் விருந்தோம்பல் நெறியும்

பொருள் வாங்கிக்கொண்டு செய்கிற உபசாரம் உபசாரமாகுமா என்ற ஐயம் நம்மவர் உள்ளத்தில் எழுவது இயல்பே. வழிநடந்து களைத்தவனுக்கு அன்னமும் தண்ணீரும் படுக்க இடமும் அளிப்பதைப் புண்ணிய காரியமாகக் கொண்டு, அரசரும் வணிகரும் சத்திரங்கள் கட்டி அவற்றுக்கு மானியமும் எழுதிவைத்த தேசத்தில் பிறந்தவர்களுக்கு, காசு கொடுத்தால்தான் கதவு திறக்கும் என்பது சற்றுக் கசப்பாகவே இருக்கும். ஆயினும் இங்கிலாந்தின் நாட்டுப்புறச் சாலைகளில் ஆறேழு நூற்றாண்டுக் காலமாக நடைபெற்றுவந்த வழிவிடுதிகளின் சரித்திரத்தை ஊன்றிப் படிக்கிறவர்கள், தர்மசாலைக்கும் கடைக்கும் இடைப்பட்ட ஓர் அபூர்வமான ஸ்தாபனத்தை அங்கே காண்பார்கள். விடுதிக்காரர் கட்டணம் வாங்குவார், லாபம் பார்ப்பார், சில வேளைகளில் நியாயத்துக்கு மேலேயும் வாங்குவார். ஆனால் கையில் காசும் நடத்தையில் ஒழுங்கும் உள்ள பிரயாணி எவன் வந்து கதவைத் தட்டினாலும், அறை காலியாக இருக்கும்வரை, அவனைப் 'போ' என்று சொல்ல அவருக்கு உரிமை கிடையாது. பணத்துக்காக நடக்கும் ஒரு தொழில் இவ்வாறு கடமையின் கட்டுக்குள் வந்து நின்றதே அந்நாட்டு விடுதி மரபின் தனிப்பெருமை என்பது என் துணிபு. அம்மரபின் கிளைகளையும் அவற்றின் தராதரங்களையும் அந்த அளவுகோலைக் கொண்டே இங்கு அளந்து பார்க்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு பாகுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வது நலம். பிற்காலத்தில் 'பப்' என்ற ஒரே பெயரில் கலந்துபோன வீடுகளைப் பழைய ஆங்கிலேயர் மூன்று வகையாகப் பிரித்திருந்தனர். ஏல் என்னும் வாற்கோதுமை மதுவை விற்ற சிறு குடில்கள் ஒரு வகை. நகரங்களில் திராட்சை மது விற்ற டாவர்ன்கள் மற்றொரு வகை. பிரயாணிக்குப் படுக்கையும் அவனுடைய குதிரைக்கு லாயமும் கொடுக்கக் கடமைப்பட்ட 'இன்'கள் மூன்றாவது வகை. 1577-ஆம் ஆண்டில், டோவர் துறைமுகத்தைச் செப்பனிடப் பணம் திரட்டும் பொருட்டு அரசாங்கத்தார் இவற்றையெல்லாம் கணக்கெடுத்தபோது, ஏல் வீடுகள் 14,000-க்கு மேலும், இன்கள் 1,600-க்கு மேலும், டாவர்ன்கள் 300-க்குச் சற்று மேலும் இருக்கக் கண்டார்கள். எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கே ஆயினும், மதிப்பில் முதலிடம் 'இன்' என்ற வழிவிடுதிக்கே. குடிப்பதற்கென்று வருகிற உள்ளூரானைவிட, தங்குவதற்கென்று வருகிற அயலூரானே அதற்கு முக்கியமானவன்.

இவ்விடுதிகளின் மூத்த கிளை மடாலயங்களின் மதிலோரத்தில் தழைத்தது. புனித பெனடிக்ட் தம் சங்கத்துத் துறவிகளுக்கு வகுத்த விதிகளில், வருகிற அதிதி ஒவ்வொருவரையும் கிறிஸ்துவாகவே பாவித்து ஏற்க வேண்டும் என்பது ஒன்று. 1170-ல் கான்டர்பரிப் பேராலயத்தினுள்ளேயே தலைமைக் குருவாகிய தாமஸ் பெக்கெட் வெட்டுண்டு மடிந்து, மூன்றே ஆண்டுகளில் புனிதராகவும் அறிவிக்கப்பட்டபின், அவருடைய சமாதியை நோக்கி யாத்திரிகர் திரள்திரளாகப் புறப்பட்டனர். நாடெங்கும் வேறு பல புண்ணிய ஸ்தலங்களுக்கும் கூட்டம் பெருகியது. மடத்துக்குள் இருந்த அதிதி கிருஹங்கள் கொள்ளாமற்போகவே, துறவிகள் மதிலுக்கு வெளியே விடுதிகளை எழுப்பி, அவற்றை நடத்தக் குடியானவர்களை அமர்த்தினார்கள். தர்மம் தொழிலாக உருமாறிய இடம் இதுவே. அந்த மாற்றத்தில் தர்மத்தின் சாயல் முற்றும் அழிந்துவிடவில்லை என்பதைப் பின்வந்த சட்டங்கள் காட்டும்.

அக்காலத்து விடுதிகளில் மூன்று இன்றும் நம் கண்ணுக்குக் கிடைக்கின்றன. சாமர்செட் மாவட்டத்து நார்ட்டன் செயின்ட் பிலிப் என்ற கிராமத்தில் உள்ள ஜார்ஜ் விடுதி, பக்கத்து ஹின்டன் மடத்தின் கார்த்தூசியத் துறவிகளால் பதினான்காம் நூற்றாண்டில் ஏற்படுத்தப்பட்டது. கீழ்த்தளம் கல்லாலும், தெருவின்மேல் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் மேல்தளங்கள் மரச்சட்டங்களாலும் ஆன அவ்வீடு, அவ்வூரின் கம்பளிச் சந்தைக்கு வரும் வணிகருக்கு உறைவிடமாகவும், அவர்கள் துணிக்குக் கிடங்காகவும் பயன்பட்டது. வாய் திறந்து பேசுவதையே துறந்த துறவிகள், சந்தை இரைச்சலுக்கு நடுவே இப்படி ஒரு வீட்டைக் கட்டிக்கொடுத்தார்கள் என்பது எண்ண எண்ண வியப்பளிக்கிறது. 1668-ல் நாட்குறிப்பாளர் சாமுவேல் பெப்பிஸ் குடும்பத்தோடு இங்கே உணவருந்திச் சென்றார். 1685-ல் அரசுக்கு எதிராகக் கலகம் செய்த மன்மத் பிரபுவின் சேனை இவ்வூரில் முகாமிட்டது.

க்ளாஸ்டர் நகரத்து 'நியூ இன்' பெயரளவில் மட்டுமே புதியது. சிறையில் மாண்ட இரண்டாம் எட்வர்டு மன்னனின் சமாதியைத் தரிசிக்க வந்த யாத்திரிகருக்காக, ஜான் ட்வைனிங் என்ற துறவி 1450-ஆம் ஆண்டையொட்டி அதைக் கட்டினார். நடுவில் திறந்த முற்றம், அதைச் சூழ மேலே தாழ்வாரம், தாழ்வாரத்திலிருந்து அறைகளுக்குள் செல்லும் கதவுகள் என்ற அமைப்பைப் பழுதின்றிக் காட்டும் கட்டிடங்களில் இதற்கு ஈடானவை மிகச் சில. கிளாஸ்டன்பரியில் மடாதிபதி ஜான் செல்வுட் எழுப்பிய ஜார்ஜ் விடுதியோ, தெருவைப் பார்த்த முகப்பு முழுவதும் கல்லில் இழைத்த சித்திர வேலையாக, விடுதியென்று சொன்னால் நம்பமுடியாதபடி தேவாலயம் போலவே நிற்கிறது. கவிஞர் சாஸர் தம் காவியத்தில் யாத்திரிகரைக் கூட்டிவைத்த சதக் நகரத்து டாபர்ட் விடுதி 1873-ல் இடிபட்டுப் போயிற்று. அதன் உபசாரியாக அவர் பாடிய ஹாரி பெய்லி வெறும் கற்பனைப் பாத்திரமன்று. அப்பெயருடைய விடுதிக்காரர் ஒருவர் சதக்கின் பிரதிநிதியாகப் பார்லிமெண்டில் அமர்ந்தவர். விடுதி நடத்துபவனுக்கு அச்சமூகம் கொடுத்த அந்தஸ்தை இதனால் அறியலாம்.

1536-க்கும் 1540-க்கும் இடையில் எட்டாம் ஹென்றி மன்னர் மடாலயங்களைக் கலைத்து, அவற்றின் சொத்தை எடுத்துக்கொண்டபோது, யாத்திரையும் ஓய்ந்தது. அதிதி கிருஹங்களும் மூடின. அந்தப் பாரம் முழுவதும் விடுதிக்காரர் தலையில் விழுந்தது. அவர்கள் அதை எவ்வாறு சுமந்தார்கள் என்பதற்கு வில்லியம் ஹாரிசன் என்ற பாதிரியார் 1577-ல் வெளியிட்ட இங்கிலாந்து வருணனை தலைசிறந்த சாட்சி. வருகிற ஒவ்வொருவனுக்கும் சலவைக்காரியிடமிருந்து வந்தபின் வேறொருவர் படுக்காத விரிப்பே போடப்படும் என்கிறார். குதிரையேறி வந்தவனுக்குப் படுக்கை இலவசம். நடந்து வந்தவன் ஒரு பென்னி கொடுக்கவேண்டும். ஏனெனில் குதிரைத் தீனி விற்கும் வருமானம் அவனால் விடுதிக்காரருக்குக் கிடையாது. அறைச் சாவியைக் கையில் வாங்கியபின் அந்த அறை அவனுக்கே சொந்தம். உள்ளே ஏதேனும் காணாமற்போனால் விடுதிக்காரர் ஈடுசெய்யக் கடமைப்பட்டவர். போட்டி மிகுந்து, துணியின் மென்மையிலும் மதுவின் வீரியத்திலும் குதிரைப் பராமரிப்பிலும் ஒருவரையொருவர் விஞ்சப் பார்த்ததோடு, வாசலில் தொங்கும் பெயர்ப்பலகைக்கு மட்டுமே 30, 40 பவுன் செலவழித்தவர்களும் இருந்தார்களாம். அதே ஹாரிசன் மறைக்காமல் இன்னொன்றும் சொல்லுகிறார். லாயக்காரனும் அறை வேலைக்காரனும் பிரயாணியின் பையை எடுத்துவைப்பது போல் அதன் கனத்தைக் கையால் அறிந்து, மறுநாள் அவன் போகும் வழியைக் கொள்ளைக்காரருக்குச் சொல்லியனுப்புவது உண்டு. மெச்சத்தக்கதையும் இகழத்தக்கதையும் ஒரே மூச்சில் எழுதிவைத்த அந்தப் பெரியவரின் நேர்மை போற்றத்தக்கது.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 1617-ல், ஐரோப்பா முழுவதும் சுற்றிவந்த ஃபைன்ஸ் மாரிசன் என்பவர், வழிப்போக்கர் விடுதிகளில் இங்கிலாந்துக்கு நிகரில்லை என்று தீர்ப்பளித்தார். பிரயாணி முற்றத்தில் நுழைந்ததும் வேலையாட்கள் ஓடிவருவார்கள். ஒருவன் குதிரையை வாங்கி, வியர்வை அடங்கும்வரை மெல்ல நடத்தி, தேய்த்துத் தீனி வைப்பான். ஒருவன் அறையைக் காட்டிக் கணப்பை மூட்டுவான். மற்றொருவன் காலிலிருந்து பூட்ஸைக் கழற்றித் துடைப்பான். பிறகு விடுதிக்காரரோ அவர் மனைவியோ நேரில் வந்து, என்ன உண்ணப் பிரியம் என்று விசாரிப்பார்கள். கணக்கு அதிகமென்று தோன்றினால் கேட்கலாம். விடுதிக்காரர் மனம் கோணாமல் விளக்குவார். பெரும் பிரபுக்களுக்கென்று எழுதப்பட்ட உபசாரமன்று இது. நடுத்தர வருவாயுள்ள பிரயாணிக்குக் கிடைத்தது என்பதை மனத்தில் இருத்தவேண்டும்.

அந்நாளைய ஆடம்பரத்துக்கும் ஒரு சான்று எஞ்சியுள்ளது. லண்டனிலிருந்து வடக்கே போகும் சாலையில் வேர் என்ற ஊரில், பிரயாணிகளைக் கவரும் பொருட்டு 1590-ஐ ஒட்டி ஒரு கட்டில் செய்துவைத்தார்கள். பத்தடிக்கு மேல் அகலமுள்ள அந்த ஓக் மரக் கட்டிலில் பலர் ஒருங்கே படுக்கலாம். ஷேக்ஸ்பியர் தம் நாடகமொன்றில் அதைக் குறிப்பிடும் அளவுக்கு அதன் கீர்த்தி பரவியது. 1931-ல் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையார் அதை விலைக்கு வாங்கி லண்டனில் வைத்திருக்கிறார்கள். அதன்மேல் பலர் தங்கள் பெயரெழுத்துக்களைக் கத்தியால் கீறிவைத்துச் சென்றிருக்கிறார்கள். அந்த வழக்கம் எந்த நாட்டுக்கும் புதிதன்று.

பெயர்ப்பலகைகளைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். எழுத்தறியாதோர் மிகுந்த காலத்தில் படமே பெயராயிற்று. 1393-ல் இரண்டாம் ரிச்சர்டு மன்னர் காலத்தில் ஏல் விற்பவர் அடையாளக் குறி வைத்தேயாக வேண்டுமென்று விதி வந்தது. அம்மன்னரின் சின்னமாகிய வெள்ளைக் கலைமானைப் பலரும் தொங்கவிட்டனர். வூஸ்டர் போரில் தோற்ற இரண்டாம் சார்லஸ் 1651-ல் ஓக் மரக்கிளைகளுக்குள் ஒளிந்து உயிர் தப்பியதன் நினைவாக 'ராயல் ஓக்' என்ற பெயர் நாடெங்கும் பரவியது. தேவதூதனும் ஆட்டுக்குட்டியும் குறுக்குச் சாவிகளும் பலகையில் இருக்கக் கண்டால் அங்கே மடத்தின் வாடையை உணரலாம். ஆனால் பலகையில் எழுதியுள்ள ஆண்டுகளை அப்படியே நம்பிவிடக் கூடாது. 'நாட்டிலேயே பழமையான விடுதி' என்று உரிமை பாராட்டும் வீடுகள் பல. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குக் கட்டிடமோ பத்திரமோ சாட்சி சொல்வதில்லை.

இம்மரபைத் தாங்கி நின்ற தூண் சட்டம். ஆகவே அதைச் சற்று விரிவாகவே கூறுகிறேன். எழுதப்படாத பொதுச் சட்டம் விடுதிக்காரர்மேல் இரண்டு கடமைகளை விதித்தது. பிரயாணியை ஏற்கவேண்டும், அவன் உடைமைக்குப் பொறுப்பேற்கவேண்டும். இரண்டாவதன் எல்லையை 1584-ல் நடந்த கெய்ல் வழக்கு வகுத்துக்கொடுத்தது. தங்க வந்தவன் ஒருவன் தன் குதிரையைப் புல்வெளியில் மேயவிடச் சொன்னான், குதிரை களவுபோயிற்று. விருந்தினன் கேட்டுக்கொண்டபடி வெளியே விட்டதனால் விடுதிக்காரர்மேல் பழியில்லை என்றும், தம் இஷ்டத்துக்கு அவராகவே வெளியே விட்டிருந்தால் ஈடுசெய்தேயாக வேண்டும் என்றும் நீதிபதிகள் தீர்த்தார்கள். விடுதியின் நான்கு எல்லைக்குள் போன பொருளுக்கு, தாம் திருடவில்லை, தம் ஆள் திருடவில்லை என்று காட்டினாலும் விடுதிக்காரர் தப்பமுடியாது. இவ்வளவு கடுமை எதற்கு என்று கேட்போருக்கு, பையின் கனம் பார்த்த அந்த வேலைக்காரனே விடை. நள்ளிரவில் ஊர் பெயர் தெரியாத இடத்தில் உறங்குகிற ஒருவனால் திருடனை நிரூபிக்க முடியாது. ஆகவே நிரூபிக்கும் பாரத்தையே சட்டம் அவன் தோளிலிருந்து இறக்கிவைத்தது. 1863-ல் தான் இப்பொறுப்புக்கு 30 பவுன் என்று வரம்பு கட்டினார்கள். குதிரைக்கும் வண்டிக்கும் அப்போதுகூட வரம்பு வைக்கவில்லை.

இதற்கு ஈடாக விடுதிக்காரருக்கும் ஓர் உரிமை இருந்தது. பாக்கி தராதவனுடைய மூட்டையைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆளைப் பிடித்து வைக்கவோ, உடுத்திய கோட்டை உருவவோ கூடாதென்று 1838-ல் ஒரு வழக்கில் தீர்ப்பாயிற்று. பிரயாணியை ஏற்கும் கடமையைப் பற்றியதோ 1835-ஆம் ஆண்டு வழக்கு. வேல்ஸ் எல்லையோரத்துச் செப்ஸ்டோ நகரில், ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவை ஒட்டி ஒருவர் குதிரையில் வந்து விடுதிக் கதவைத் தட்டினார். வீட்டார் படுத்துவிட்டார்கள். விடுதிக்காரரின் மனைவி மேலிருந்தபடி பெயரைக் கேட்டாள். அவர் சொல்ல மறுத்தார். அவள் கதவைத் திறக்க மறுத்தாள். ஓய்வு நாள் என்பதும், வீட்டார் உறங்கிவிட்டார்கள் என்பதும், வந்தவர் பெயர் சொல்லவில்லை என்பதும் சமாதானமாகா என்று கூறி நீதிமன்றத்தார் விடுதிக்காரருக்கு 20 ஷில்லிங் அபராதம் விதித்தார்கள். அகாலத்தில் வருகிறவனே விடுதியின் உண்மையான விருந்தினன் என்று உணர்ந்து எழுதப்பட்ட தீர்ப்பு இது. இம்மரபின் சிகரமாக இதனையே நான் சொல்லுவேன்.

இனிக் கோச் வண்டிகளின் காலத்துக்கு வருவோம். சுங்கம் வசூலித்துச் சாலைகளைப் பராமரிக்கும் சபைகள் பதினெட்டாம் நூற்றாண்டில் பெருகிச் சாலைகள் சீர்ப்பட்டன. 1784 ஆகஸ்டு 2-ஆம் தேதி பிற்பகல் 4 மணிக்கு பிரிஸ்டலிலிருந்து புறப்பட்ட ஜான் பால்மரின் தபால் கோச், மறுநாள் காலை 8 மணிக்கு முன்னதாகவே லண்டன் சேர்ந்தது. அன்று முதல் அரை நூற்றாண்டுக் காலம் வழிவிடுதிகள் வாழ்ந்த வாழ்வு அவை அதற்கு முன்பும் பின்பும் காணாதது. பத்து மைலுக்கு ஒருமுறை குதிரை மாற்றவேண்டியிருந்ததால், பெருஞ்சாலையில் உள்ள ஊர் ஒவ்வொன்றிலும் முற்றமும் லாயமும் பெருகின. வடக்குப் பெருஞ்சாலையில் ஸ்டாம்ஃபர்டு நகரத்து ஜார்ஜ் விடுதி, தெருவின் இரு மருங்கையும் இணைத்துத் தோரணம் போல் ஒரு மரச்சட்டத்தை நாட்டி அதிலே தன் பெயரைத் தொங்கவிட்டது. இருபுறத்து வண்டிகளுக்கும் காத்திருப்போர் அமர லண்டன் அறை, யார்க் அறை என்று அங்கே தனித்தனி அறைகள் இருந்தன. கிரான்தமில் உள்ள ஏஞ்சல் விடுதி அதனினும் பழைமை வாய்ந்தது. பக்கிங்ஹாம் பிரபுவின் மரணதண்டனை ஆணையில் மூன்றாம் ரிச்சர்டு 1483-ல் கையெழுத்திட்டது அங்கேதான் என்பர்.

குதிரை மாற்றும் காட்சியைச் சற்று அருகிருந்து பார்க்கவேண்டும். தொலைவில் காவலன் ஊதும் கொம்பின் ஓசை கேட்டதும் லாயக்காரர்கள் புதிய குதிரைகள் நான்கையும் சேணம் பூட்டியபடியே வாசலுக்குக் கொண்டுவந்து, முதுகில் போர்த்திய துணியோடு நிறுத்திவைப்பார்கள். கோச் வந்து நின்றதும் பக்கத்துக்கு ஒருவராக ஆட்கள் பாய்ந்து, முன்ஜோடியைக் கழற்றி, பின்ஜோடியைக் கழற்றி, நுரை தள்ளும் குதிரைகளை ஒருபுறம் நடத்திச் செல்ல, மறுபுறத்திலிருந்து புதியவை உள்ளே வந்து நிற்கும். சங்கிலிகள் கொக்கியில் விழும் ஓசை கேட்கும்; கடிவாள வார்கள் மேலே இருக்கும் சாரதியின் கைக்குப் போகும்; துணி உருவப்படும்; வண்டி புறப்பட்டுவிடும். நல்ல விடுதியில் இவ்வளவும் இரண்டு நிமிஷத்துக்குள் முடிந்தன. பிரயாணிகளுக்குச் சாப்பாட்டுக்கென்று இருபது நிமிஷம் கிடைத்தால் பெரிது. சுடச்சுடச் சூப்பை வைத்துவிட்டு, அது ஆறுமுன் கொம்பு ஊதச் செய்து, தொடாத இறைச்சியை அடுத்த வண்டிக்கு வைத்துக்கொள்ளும் விடுதிக்காரர்களைப் பற்றிய முறையீடுகளுக்கு அக்காலத்தில் குறைவில்லை.

இந்த வேகம் உபசாரத்துக்கு ஊறு செய்தது என்பதை ஒளிக்கக் கூடாது. கோச்சிலும் சொந்த வண்டியிலும் வருகிறவனுக்கு மரியாதை கூடக்கூட, நடந்து வருகிறவன் சந்தேகத்துக்கு உரியவனானான். 1782-ல் இங்கிலாந்தைக் கால்நடையாகவே பார்க்க வந்த ஜெர்மானியர் கார்ல் பிலிப் மாரிட்ஸ், விடுதிக்கு விடுதி பட்ட அவமதிப்பை எழுதிவைத்திருக்கிறார். வின்ட்ஸரில் பணியாட்கள் அவரை ஏளனம் செய்தனர். நியூன்ஹமில் இரவில் படுக்கையும் இல்லை, உணவும் இல்லை என்று விரட்டினர். வழியில் சந்தித்த பாதிரியார் ஒருவரின் துணையோடு நள்ளிரவில் ஆக்ஸ்ஃபர்டு மைட்டர் விடுதியை அடைந்த பின்னரே தலைசாய்க்க இடம் கிடைத்தது. சட்டம் அவர் பக்கம் இருந்தும், அதை எடுத்துச் சொல்ல அவரால் இயலவில்லை. நடந்து வந்தவனுக்கும் ஒரு பென்னிக்குப் படுக்கை கொடுத்த ஹாரிசன் காலத்தோடு இதை ஒப்பிட்டால், பளபளப்பு மிகுந்த அந்தக் காலம் உபசாரத்தில் பின்தங்கியதே என்று சொல்லத் தோன்றுகிறது.

பெருஞ்சாலையை விட்டு விலகிய கிராமத்து விடுதிகள் இந்தப் பரபரப்பு எதுவுமின்றித் தம் போக்கில் நடந்தன. வேல்ஸிலிருந்து மாட்டு மந்தைகளை லண்டன் சந்தைக்கு ஓட்டிவந்தவர்களுக்கு ஆளுக்குப் படுக்கையும் மாட்டுக்குப் புல்லும் கொடுத்தவை அவை. ஹாம்ப்ஷயரில் ஸ்டாக்பிரிட்ஜ் என்ற ஊரில், வைக்கோலும் மேய்ச்சலும் நல்ல மதுவும் சுகமான படுக்கையும் இங்குண்டு என்று வேல்ஸ் மொழியிலேயே சுவரில் எழுதப்பட்ட வீடொன்று இருக்கிறது. வந்தவன் மொழியில் அவனை வரவேற்ற அந்த ஒரு வரி எனக்குப் பல அரண்மனைச் சாசனங்களைவிட உயர்ந்தது. ஊர்ப் பொதுக்காரியங்களும் விடுதிகளிலேயே நடந்தன. ஏலம், தானிய வியாபாரம், பிரேத விசாரணை எல்லாவற்றுக்கும் அதுவே மண்டபம். 1795 மே 6-ஆம் தேதி பெர்க்ஷயர் நீதிபதிகள் ஸ்பீன்ஹம்லாந்து பெலிகன் விடுதியில் கூடி, ரொட்டியின் விலைக்கேற்ப ஏழைத் தொழிலாளிக்குப் படி அளக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். அதன் நன்மை தீமையைப் பற்றிய வாதம் 1834-ல் புதிய ஏழைச் சட்டம் வரும்வரை பார்லிமெண்டை உலுக்கியது.

படுக்கை, கணப்பு, உணவு என்ற மூன்றைக்கொண்டே பழைய பிரயாணிகள் விடுதியை மதிப்பிட்டார்கள். ஈர விரிப்புக்கு அவர்கள் அஞ்சியதுபோல் கொள்ளைக்காரனுக்கும் அஞ்சவில்லை. அந்தக் குளிர்தேசத்தில் ஈரப்படுக்கையில் உறங்குவது உயிருக்கே உலை வைக்கும். ஆகவே கண்ணாடித் தம்ளரை விரிப்புகளுக்கிடையே கவிழ்த்துவைத்து, அதில் ஆவி படிகிறதா என்று பார்ப்பது விவரமறிந்தவர் வழக்கம். நல்ல விடுதியில் விரிப்பைக் கணப்பின்முன் காட்டி உலர்த்துவார்கள்; பிறகு நீண்ட பிடியுள்ள செம்புச் சட்டியில் கனல் நிரப்பி மூடி, படுப்பதற்குச் சற்றுமுன் மெத்தைமீது மேலும் கீழும் இழுத்துச் சூடேற்றுவார்கள். உணவில் சாமர்த்தியத்தைவிடச் சரக்கின் தரமே பேசியது. குளிர்ந்த மாட்டிறைச்சி, பன்றித் தொடை, புறா இறைச்சி வைத்த பை, ஆப்பிள் பணியாரம், பாலாடைக்கட்டி: இவற்றில் ஒன்று கெட்டிருந்தாலும் மறைக்க மசாலா கிடையாது. உலகப் புகழ்பெற்ற ஸ்டில்டன் பாலாடைக்கட்டி ஸ்டில்டன் என்ற ஊரின் பெயரைப் பெற்றதே, அங்குள்ள பெல் விடுதியில் கோச் பிரயாணிகளுக்கு விற்கப்பட்டதனால்தான். அதன் விடுதிக்காரராகிய கூப்பர் தார்ன்ஹில் 1745-ல் ஸ்டில்டனிலிருந்து லண்டனுக்கும், திரும்பி ஸ்டில்டனுக்கும், மீண்டும் லண்டனுக்குமாக 213 மைலைச் சுமார் 12 மணி நேரத்தில் குதிரைகள் மாற்றிச் சவாரி செய்து பந்தயம் வென்றவர்.

ரயில் வந்தது. 1838-ல் லண்டன் பர்மிங்ஹாம் பாதை முழுவதும் திறந்தது. 1846-ல் லண்டனிலிருந்து புறப்படும் கடைசித் தபால் கோச்சும் நின்றது. சுமார் 1,800 குதிரைகளை வைத்துக் கோச் தொழிலில் சக்கரவர்த்தியாக விளங்கிய வில்லியம் சாப்ளின், காலத்தின் குறிப்பை அறிந்து குதிரைகளை விற்றுவிட்டு, ஒரு ரயில்வே கம்பெனியின் தலைவராகவே ஆனார். அவரைப் போல் பெயர்ந்து செல்ல வழியில்லாத நாட்டுப்புற விடுதிக்காரர்கள் மாடியறைகளைப் பூட்டிவிட்டு, உள்ளூராருக்கு மது ஊற்றியே காலந்தள்ளினார்கள். தங்க வைப்பதே தொழிலாக இருந்த வீடு குடிக்க வைப்பதே தொழிலாகிய வீடாயிற்று. மரபுக்கு நேர்ந்த பெருங்கேடு இதுவே.

அதை மீட்கப் புறப்பட்டவர்கள் வெவ்வேறு திசையிலிருந்து வந்தார்கள். 1878-ல் அமைந்த சைக்கிள் பிரயாணிகள் சங்கத்தார், சிறகு முளைத்த சக்கரம் பொறித்த பலகையைத் தாங்கள் ஒப்பிய விடுதிகளில் மாட்டினர். ஆயினும் 1898-ல் கால்சட்டை அணிந்து சைக்கிளில் வந்த ஹார்பர்டன் சீமாட்டியை ஆக்கம் என்ற ஊரின் ஹாட்பாய் விடுதியார் உணவறையில் சேர்க்க மறுத்தார்கள். வழக்கு நடந்தது. மதுக்கூடத்தை ஒட்டிய அறையில் உணவு தர முன்வந்ததனால் கடமை நிறைவேறியதென்று விடுதிக்காரி விடுதலையானாள். அத்தீர்ப்பை என் மனம் ஏற்கவில்லை.

நிலையான பணி செய்தவர் நான்காவது கிரே பிரபு. மதுவினால் லாபம் வராதபடி விடுதியை நடத்தினால் விடுதிக்காரர் உணவிலும் படுக்கையிலும் கவனம் செலுத்துவார் என்று அவர் நம்பினார். 1904-ல் ஹார்ட்ஃபர்ட்ஷயரில் ரிட்ஜ் ஹில் என்ற இடத்து 'வாகன் அண்டு ஹார்ஸஸ்' விடுதியை முதலாவதாக எடுத்துக்கொண்ட அவருடைய டிரஸ்ட் கம்பெனியில், நிர்வாகிக்கு உணவு விற்பனையில் பங்கு உண்டு. மது விற்பனையில் பங்கு கிடையாது. பங்குதாரருக்கும் லாபத்துக்கு வரம்பு உண்டு. மதுவிலக்கு முழுமையாக வேண்டும் என்ற கொள்கையுடைய என் போன்றவர்களுக்கும் இந்த ஏற்பாட்டின் நியாயம் புலனாகிறது. மனிதன் எதில் லாபம் காண்கிறானோ அதையே வளர்ப்பான் என்பதை அறிந்து செய்த காரியம் அது. தனிமனிதர் முயற்சிக்கு உதாரணம் ஜான் ஃபாதர்கில். ஓவியக் கலை பயின்ற அவர் 1922-ல் தேம் என்ற சிற்றூரின் 'ஸ்ப்ரெட் ஈகிள்' விடுதியை ஏற்று, நல்ல சரக்கை எங்கிருந்தாலும் தருவித்து, சுவையறிந்தோரையெல்லாம் அங்கே இழுத்தார். தமக்குப் பிடிக்காத விருந்தினரிடம் முகங்கொடாமல் நடந்ததையும் அவரே நூலாக எழுதினார். அடுக்களையில் அவர் ஓர் ஆசாரியர். வாசலில் அப்படியல்லர் என்பது என் முடிவு.

வாசலின் தர்மத்தை மறுபடி நிலைநாட்டியவர் விடுதி நடத்தியவரல்லர். ஒரு கிரிக்கெட் வீரர். மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த லியரி கான்ஸ்டன்டைன் 1943-ல் லார்ட்ஸ் மைதானத்தில் ஆட வந்தபோது, லண்டனில் இம்பீரியல் ஓட்டலில் நான்கு நாளுக்கு அறை பேசியிருந்தார். அவருடைய நிறத்தின் காரணமாக அங்கே தங்க முடியாது என்று சொல்லப்பட்டது. நிறபேதத்தைத் தடுக்கும் சட்டம் எதுவும் அந்நாட்டில் அப்போது இல்லை. அவர் வழக்குத் தொடுத்தபோது அவருக்குக் கைகொடுத்தது, முற்றத்தில் குதிரை கட்டிய காலத்து அந்தப் பழைய கடமையே. காரணமின்றி மறுத்தது விடுதித் தர்மத்தை மீறியதாகும் என்று 1944-ல் நீதிபதி பர்க்கெட் தீர்ப்பளித்தார். ஈடாகக் கிடைத்தது 5 கினி மட்டுமே. அதன் மதிப்பு அளவிடற்கரியது. 1956-ல் இயற்றப்பட்ட ஓட்டல் உரிமையாளர் சட்டமும், முன்னேற்பாடு இல்லாமல் வருகிற பிரயாணியை ஏற்கும் இடமே ஓட்டல் என்று அதே கடமையை அடிப்படையாக வைத்திருக்கிறது.

இங்கிலாந்து செல்லும் நம் அன்பர்கள் லண்டனில் இறங்கியதும் சதக் பகுதியில் உள்ள ஜார்ஜ் விடுதியை ஒரு பகற்பொழுதில் பார்த்துவிடுவது நலம். நெருப்புக்கு இரையானபின் 1677-ல் திரும்பக் கட்டப்பட்ட அதன் தாழ்வாரங்களில் ரயில்வே கம்பெனி இடித்தது போக ஒரு பக்கம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. 1937 முதல் நேஷனல் டிரஸ்ட் அதைக் காத்துவருகிறது. இரவு தங்குவதற்கு நாட்டுப்புறம் போங்கள். ஸ்டாம்ஃபர்டிலோ நார்ட்டன் செயின்ட் பிலிப்பிலோ மாலையில் கதவைத் தட்டி அறை கேளுங்கள். அறை காலியிருந்தும் நிறத்தையோ உடையையோ பார்த்து யாரேனும் மறுத்தால், தயங்காமல் கான்ஸ்டன்டைன் வழக்கை எடுத்துச் சொல்லுங்கள்.